ஊரை விட்டவனும் ஊரில் நின்றவனும்

தமிழில் கிறிஸ்தவ இலக்கியம் என்ற அளவில் அறிஞர் முதற்கண் எடுத்து மொழிவது தேம்பாவணியை. அடுத்து இரட்சணிய யாத்திரிகத்தை. காவியச் சுவை ஒன்றையே நோக்குவார்க்கு அம்முறை ஒக்கும். ஆயின், ஒரு சமயத்தின் இலக்கியத்தை அளத்தற்குக் காவியச் சுவை ஒன்றே கோலாகுமோ? கிழமை ஏழனுள் ஞாயிறு ஒன்று நீங்க, எஞ்சிய ஆறு நாளும் அச்சமயத்தான் தன் வீட்டிலும், தொழிற்களத்திலும், அயலாரிடத்தும் எங்ஙனம் ஒழுகுகின்றான் என்பதை எடுத்துக்காட்டுவதும் இலக்கியத்தின் கடனன்றோ? இவ்வினாவைச் சென்னையிலோ பாளையங்கோட்டையிலோ இருந்து எழுப்பினால் ஒருவகை விடை கிடைக்கும். மலையாவின் வடபுறத்தே, கோலா கெத்தில் போன்றதோர் ஊரில் நின்று எழுப்பினால் வேறுவகை விடை கிடைக்கின்றது. அவ்விடையே இக்கட்டுரையின் பொருள்.

கோலா கெத்தில் என்பது கெடா நாட்டுப் பாலிங் வட்டத்தைச் சார்ந்த சிற்றூர். கெத்தில் ஆறு மூடா ஆற்றொடு கூடும் இடமாதலின் இப்பெயர் பெற்றது. மலாய் மொழியில் ‘கோலா’ என்பது ஆற்றின் கூடுமுகத்தைக் குறிக்கும். 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா சயாமியர் மேலாண்மையினின்றும் ஆங்கிலேயர் கைக்கு மாறியபின், இப்பகுதியில் பால்மரத் தோட்டங்கள் விரைந்து பரந்தன. அவற்றை வியர்வை சிந்தி ஆக்கியோருள் தமிழரே மிகுதி. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்து, வாளியும் கத்தியும் ஏந்தி மரத்துக்கு மரம் நடந்து, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்துச் சுமந்து, மாலையில் லயத்துக்கு மீண்ட மக்கள் அவர்கள். அவருள் கிறிஸ்தவரும் இருந்தனர். அக்கிறிஸ்தவர் இருவகையினர். கங்காணியொடு கப்பலேறி வந்து லயத்தறையில் ஒடுங்கியோர் ஒருவகை. மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் பயின்று வந்து, வருகை ஏட்டில் அவர் பெயரைக் குறிக்கும் கிராணிமார் மற்றொரு வகை; இவருள் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் பலர். வேதம் ஒன்று; செபம் ஒன்று. எனினும் ஒருவன் உழைத்த நாளை மற்றொருவன் எழுதுகின்றான். முழுநாளை அரைநாள் எனக் குறைத்தெழுத அவன் பேனாவுக்கு ஒரு நொடி போதும். கிறிஸ்தவ ஒழுக்கம் என்பதன் சோதனைக்களம் அவ்வேடு. கோயிற் பீடம் அதற்குப் பின்னரே வருவது.

இந்த ஏட்டை மனத்திற்கொண்டு நம் நூல்களைப் புரட்டுவோம்.

எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, 1858இல் கிறிஸ்து நெறி தழுவியவர். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கிலக் கதையைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலுருப் பெற்றது. கம்பன் நடை அவர் நாவில் இயல்பாகப் புரண்டது; ‘கிறிஸ்தவக் கம்பர்’ எனப் போற்றப்பட்டதில் மிகையில்லை. கிறிஸ்துவின் பாடுகளைப் பாடுமிடத்து அவர் கவி உருகுகின்றது. இடையிடையே அமைந்த தேவாரங்களோ, காவியத்தை ஒருநாளும் விரித்துப் பாராத எளியோர் வாயிலும் இன்றளவும் வாழ்கின்றன. இவற்றை நாம் குறைத்துக் கூற முன்வரவில்லை.

ஆயின் அக்கதையின் எலும்புக்கூட்டை நோக்குக. ஒருவன் தன் நகர் அழியப்போகின்றது என்று அறிகின்றான், அஞ்சுகின்றான், ஊரை விட்டு ஓடுகின்றான். பனியனின் மூலக்கதையில் மனைவியும் மக்களும் பின்னிருந்து கூவ, அவன் செவிகளில் விரலைச் செருகிக்கொண்டு ஓடுகின்றான். (பனியனே அவ்வாறு ஓடியவரல்லர், தம் கொள்கைக்காகப் பன்னீராண்டு சிறையிருந்தவர். எழுதியவரின் வாழ்வு எழுத்தைவிடப் பெரிதாக நின்ற இடங்களுள் இஃதொன்று.) மேல் நிகழ்வனவெல்லாம் தனியொருவன் வழிநடை. அயலான் என்பவன் அவ்வழியில் துணையாகவோ தடையாகவோ எதிர்ப்படுகின்றான். அவனுக்கென ஒரு வீடும், வயிறும், நோயும், கடனும் உண்டு என்பதைக் கதை நின்று நோக்குவதில்லை. நோக்க அதற்கு நேரமில்லை, முத்திநகர் அழைக்கின்றது.

கோலா கெத்தில் வட்டாரத்து லயத்திலிருந்த கிறிஸ்தவனுக்கு இக்கதை என்ன சொல்லும்? ஊரை விட்டு வருதல் அவன் முன்னரே செய்து முடித்த காரியம். அவன் ஓடியது ஆன்ம பயத்தாலன்று, பசியாலும் சாதிக்கொடுமையாலும் கடனாலும். கடலும் கடந்தாயிற்று. வந்து சேர்ந்த இடமோ முத்திநகரன்று. இனி வந்தவிடத்தில் எங்ஙனம் வாழ்வது, பக்கத்தறையில் இருமிக்கொண்டிருப்பவனுக்கு யான் என்ன உறவு, என்பதே அவன் வினா. பயணக்காவியத்தில் அதற்கு விடையில்லை.

விடை தேடுவார் மாயூரத்துக்குச் செல்லவேண்டும்.

வேதநாயகம் பிள்ளை 1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தார். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் தொடங்கி, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீபாக அமர்ந்து, 1872இல் பதவி நீங்கினார், 1889இல் மறைந்தார். இவர் எழுத்து மேசையினின்று பிறந்ததன்று. நாள்தோறும் வழக்காளிகளின் கண்ணீரும் பொய்யும் காற்றில் கலந்த நீதிமன்றத்திற் பிறந்தது. 1859இல் வெளிவந்த நீதி நூலைப் பாருங்கள். அதில் வாழும் பொருள்கள் யாவை? பொய், புறங்கூறல், களவு, சோம்பல், கைக்கூலி, பிற உயிர்க்கு இரங்கல். கைக்கூலி வாங்குவோரை அவர் வையும் வகையைப் படிப்பவர், அவர் தம் உடன் உத்தியோகத்தரையே முகம் நோக்கி வைகின்றார் என்பதை உணர்வர். 1805 முதல் 1861 வரை நீதிமன்றங்கள் அளித்த தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862இல் சித்தாந்த சங்கிரகம் என வெளியிட்டார். சட்டம் அறியாத தமிழன் சட்டத்தால் நசுக்கப்படலாகாது என்னும் இரக்கமே அதற்குக் காரணம். இதனைச் சமயநூல் என யாரும் எண்ணியதில்லை. நாம் எண்ணுகின்றோம். அயலானிடத்து அன்பு, அச்சகத்துக்குச் சென்று வந்த வடிவம் அது.

பெண்கல்விக்காக 1869இல் பெண்மதி மாலை பாடியவர், மாயூரத்தில் பெண்களுக்கெனப் பள்ளியும் கண்டார். 1876 தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் அவர் நண்பர்; மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்தூர்க் கோவை பாடிய சைவர். சைவ மடமும் கத்தோலிக்க முன்சீபும் ஒரே பஞ்சத்தை ஒரே கண்ணால் நோக்கின. அப்பஞ்சக் காலத்து அவர் பாடிய கீர்த்தனைகள் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளில் உள. அவற்றில் எச்சமயத்துத் தெய்வப்பெயரும் முன்னிற்பதில்லை. பட்டினி கிடப்போரின் குரல் ஒன்றே முன்னிற்கின்றது. தம் சமயத்தை மறைத்தார் என்று அக்காலத்தே குறைகூறினோர் இருந்திருக்கலாம். நம் கருத்தில், கிறிஸ்து என்னும் பெயரைச் சொல்லாமல் கிறிஸ்துவின் தொழிலைச் செய்த பாடல்கள் அவை.

இனி, 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம். தமிழின் முதல் நாவல் என்னும் பெருமையைச் சொல்லிச் சொல்லி அதன் உள்ளே இருப்பதைப் படிக்காமல் விட்டோர் பலர். அதன் உயிர் ஞானாம்பாள். ஆணுடை தரித்து, விக்கிரமபுரியில் அரசாகி, கைக்கூலியைக் களைந்து, நீதியைச் செவ்வை செய்கின்றாள். ஒரு பெண்ணின் அறிவு வீட்டளவில் நில்லாது நாட்டளவும் செல்லத்தகும் என்பதை, பெண் எழுதப் படிக்கக் கற்பதே ஐயத்துக்கிடமாயிருந்த காலத்தில் ஒரு முன்சீப் எழுதினார். வழக்குரைஞர் தமிழ் வழக்காளியின் எதிரே ஆங்கிலத்தில் வாதாடும் கூத்தையும் அவர் நகையாடுகின்றார். தன் தலையைப் பற்றிய பேச்சைத் தானே விளங்கிக்கொள்ள மாட்டாமல் விழிப்பவன் நிலை, ஆங்கிலம் அறியாது தோட்டத்து ஆபீசின் வெளிப்படியில் நின்ற தொழிலாளிக்கு மிகவும் பழகிய நிலை. அவ்வதிகாரத்தைக் கெடாவில் யாரேனும் உரக்கப் படித்திருப்பின், கேட்டோர் சிரித்துப் பின் சிரிப்பை நிறுத்தியிருப்பர்.

இவ்வளவும் புகழ்ந்தபின் குறையையும் கூறுவது நம் கடன். குறை சிறிதன்று.

வேதநாயகர் உலகில் உதவி எப்போதும் மேலிருந்து கீழே இறங்குகின்றது. கொடுப்பவர் முதலியார், பெறுபவர் ஏழை. நீதி வழங்குபவர் அரியணையில், முறையிடுபவர் தரையில். அரியணையில் இருப்பவர் நல்லவராகிவிட்டால் நாடு நன்றாகிவிடும் என்பது அவர் துணிபு. கீழிருப்பவன் தானே எழுந்து தன் பக்கத்திலிருப்பவனைத் தூக்கிவிடும் காட்சியை நாவல் முழுதும் தேடியும் நாம் காணவில்லை. செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவன் கதையில் வருகின்றான்; வந்து, கதாநாயகனைச் சொற்சூதில் மாட்டிச் சிறைக்கு அனுப்பும் எத்தனாக நின்று, நகைக்கு இடமாகி மறைகின்றான். நாவலின் பரந்த இரக்கம் அவன் குடிசை வாயிலில் நின்றுவிட்டது. தஞ்சைச் சீமைத் திருச்சபைகளில் சாதிக்கொரு பக்கமாக மக்கள் அமர்ந்திருந்த காலம் அது. சீர்திருத்தம் பேசிய பேனா அவ்விடத்தில் மை வற்றி நின்றது வியப்பன்று, வருத்தம்.

மற்றொரு மௌனமும் உண்டு. அது நமக்கு இன்னும் நெருங்கியது. தரங்கம்பாடிக்குத் தெற்கே சிறிது தூரத்தில் நாகப்பட்டினம். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தமிழரை ஏற்றிச் சென்ற கப்பல்கள் புறப்பட்ட துறை அது. வேதநாயகர் நீதி செலுத்திய ஆண்டுகளிலேயே தஞ்சைச் சீமையின் உழவுக்கூலிகள் அத்துறையில் கப்பலேறி, கெடாவை ஒட்டிய வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தனர். ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்த அவர்களைச் ‘சஞ்சிக் கூலி’ என்பர். அம்முறை மலையாவில் 1910இல்தான் ஒழிக்கப்பட்டது. ஆசை காட்டி ஆள்பிடிக்கும் கூட்டத்தைப் பற்றிய புகார் அக்காலத்திலேயே எழுந்ததுண்டு. இத்தனையும் முன்சீபின் கண்ணெதிரே. கஞ்சித் தொட்டியின் முன் நின்றவனை அவர் கண்டார். அத்தொட்டியும் போதாமல் கப்பல் ஏறியவனை அவர் நாவல் காணவில்லை. அவன் பேரன்மாரே பின்னாளில் மூடா ஆற்றங்கரையிலும் பால் வெட்டியிருத்தல் கூடும்.

இங்கே சமாரியன் கதையை நினைவூட்டுதல் தகும். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் கண்டு விலகிச் சென்றனர். அவனை எடுத்துக் காயம் கட்டிச் சத்திரத்திற் சேர்த்தவன், யூதர் தீண்டத் தயங்கிய இனத்தான். அக்கதையின் கூர்மை உதவி நிகழ்ந்தது என்பதிலன்று. எவன் உதவினான் என்பதில். இழிந்தவன் எனப்பட்டவனே கொடுப்பவன் ஆனான். உயர்ந்த குலத்தான் தரையிற் கிடந்து பெற்றான். நம் நாவலாசிரியர் இக்கதையை அறியாதவரல்லர். ஆயினும் அவர் நாவலில் சமாரியன் முதலியாராக மாறிவிட்டான்! சாதி நாட்டில் இதனினும் பெரிய பெயர்ப்புப் பிழை வேறுண்டோ?

அங்ஙனமாயின் லயத்தறையைக் கண்ட கிறிஸ்தவ எழுத்து எங்கேனும் உண்டோ எனின், உண்டு. அது காவியமன்று, நாவலுமன்று, ஓர் அறிக்கை. தீனபந்து ஆண்ட்ரூஸ் என மக்கள் அழைத்த சி. எஃப். ஆண்ட்ரூஸ், தம் நண்பர் பியர்சனொடு 1915இல் பிஜித் தீவுக்குச் சென்று, அங்கு ஒப்பந்தக்கூலிகள் வாழ்ந்த அறைகளுக்குள் நுழைந்து பார்த்து, 1916இல் தாம் கண்டதை வெளியிட்டார். 1903 முதல் சென்னை வழியாகவும் அங்கு ஆள் அனுப்பப்பட்டதால், அவ்வறைகளில் தமிழரும் இருந்தனர். ஆண்ட்ரூஸ் குருப்பட்டம் பெற்ற ஆங்கிலர். அவர் எழுதியதில் சுவர்க்கத்தைவிட அறையின் நீள அகலமே மிகுதி. குடும்பம் எவ்வாறு சிதைகின்றது, பெண்ணின் நிலை என்னாகின்றது என்னும் செய்திகளே மிகுதி. அவ்வறிக்கையும் இந்தியாவில் எழுந்த கிளர்ச்சியும் சேர்ந்து, 1917இல் ஒப்பந்தக்கூலிக் கப்பல் நின்றது. 1920 சனவரி முதல் நாள் பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன. அலங்காரம் ஒன்றும் இல்லாத அவ்வுரைநடையை இலக்கியம் எனக் கொள்ளப் புலவர் தயங்குவர். கொள்ளாவிடினும் குறையில்லை, அஃது அறைக்குள் சென்றது.

ஆயினும் ஆண்ட்ரூஸும் வெளியிலிருந்து வந்தவரே. உள்ளிருப்போர் தாமே எழுந்த கதை கெடாவில் நிகழ்ந்தது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பார் தலைமையில் தொண்டர் படை தோன்றியது. சயாம் மரண ரயில் பாதையில் உற்றாரை இழந்து, போர்க்காலப் பட்டினியில் மெலிந்து மீண்டிருந்த மக்கள் அவர்கள். தோட்டத்துக் கள்ளுக்கடைகளின் முன் இளைஞர் மறியல் செய்தனர். பெரட்டுக்களத்தில் கைகட்டி நின்றோர் அணிவகுத்து நடந்தனர். 1947இன் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் காவலரொடு மோதல் நேர்ந்து குருதியும் சிந்திற்று. கூலியில் ஒரு பகுதி மாலையில் கள்ளுக்கடை வழியே தோட்டத்துக்கே மீளும் சூழ்ச்சியை அவர்களுக்கு எந்த நூலும் கற்பிக்கவில்லை. வீட்டில் வெறும்பானை கற்பித்தது. குடியைக் கடிந்து வேதநாயகர் பாடினார். கடைவாயிலில் நின்று அடிபட்டவர் வேறு. அப்படை எச்சமயத்தின் பெயரையும் தாங்கி வரவில்லை.

அடுத்த தலைமுறையில் மற்றொன்று. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு மக்கள் வீடிழந்து நின்றபோது, வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி தவணையாகச் செலுத்திப் பங்குதாரராயினர். அச்சங்கம் முதன்முதல் வாங்கிய தோட்டம், கெடாவிலுள்ள புக்கிட் சீடிம். தலைவர் ஒருவர் மேலிருந்து முன்னின்றார் என்பது மெய்யே; ஆயின் பணம் லயத்தினின்றும் வந்தது. தான் பால் வெட்டிய மரத்துக்குத் தானே உடையவனாதல், ஞானாம்பாள் தன் அரசாட்சியிலும் கனவு காணாத சீர்திருத்தம்.

‘இவை கிறிஸ்தவத் தொண்டல்லவே, இவற்றைக் கிறிஸ்தவ இலக்கியம் பற்றிய கட்டுரையிற் புகுத்துவானேன்?’ என்று வினவுவோர் இருப்பர். சமாரியனும் எருசலேம் ஆலயத்தைச் சார்ந்தவனல்லன் என்பதே நம் மறுமொழி. சபைக்கு உள்ளே நின்றும் இப்பணிகளிற் கைகொடுத்தோர் இருந்திருப்பர். கள்ளுக்கடை மறியலில் நின்ற ஞானப்பிரகாசமோ, பத்து வெள்ளி சேர்த்த அருளாயியோ தமிழில் கதையாகவில்லை. பெயர்களை நாமே உதாரணமாக இட்டுச் சொல்ல வேண்டியிருக்கின்றது. மலையாத் தமிழ் எழுத்தாளர் சஞ்சிக் கூலியைப் பற்றியும், கங்காணியின் கொடுமையைப் பற்றியும், மரண ரயிலைப் பற்றியும் எழுதியதுண்டு. லயத்துக் கிறிஸ்தவனின் ஆறு நாளைப் பற்றிய நாவல் ஒன்று நம் கைக்கு எட்டவில்லை. ஞாயிறு செபத்தில் முன்வரிசை கிராணிக்கும் பின்வரிசை பால்வெட்டுக்காரிக்கும் என அமைந்தால், திங்கட்கிழமை ஏட்டில் அவ்வமைப்பு என்ன செய்யும்? இஃது ஒன்றே ஒரு நாவலுக்குப் போதிய பொருள்.

இக்காலத்தே கெடாவின் பால்மரக் காடுகள் பல செம்பனைக்கு இடம் தந்துவிட்டன. பல லயங்கள் வெறிச்சோடின. அவற்றில் வாழ்ந்தோரின் மக்கள் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் தாமான் வீடுகளில் குடியேறி ஆலைகளுக்குச் செல்கின்றனர். பழைய தோட்டத்து அறைகளில் வங்காள தேசத்தாரும் இந்தோனேசியரும் நேபாளத்தாரும் தங்குகின்றனர். அயலான் முகம் மாறியது. கடல் கடந்து, கடன் சுமந்து, மொழி அறியாது வந்த அவர்களைத் தமிழ்க் கிறிஸ்தவர் எந்தக் கண்ணால் நோக்குகின்றனர் என்பதைத் தனியே ஆராய வேண்டும். அதற்கு இத்தாளில் இடமில்லை.

நூல்களுக்கு மீள்வோம். இரட்சணிய யாத்திரிகத்தின் தேவாரங்களைப் பாடுக. காவியத்தைக் கற்றோர் கற்க. ஆயின் தோட்டத்துப் படிப்பகங்களிலும் திருச்சபை இளைஞர் கூட்டங்களிலும் முதலில் எடுத்துப் படிக்கத்தக்கது நீதி நூலே. நாவலைப் படிப்போர் வழக்குரைஞர் அதிகாரத்தையும் விக்கிரமபுரிப் பகுதியையும் விடாது படிக்க; செருப்புத் தைப்பவன் வருமிடத்துச் சிறிது நின்று, அவன் பக்கத்தில் இருந்து கதையை ஒருமுறை தாமே சொல்லிப் பார்க்க. நீதி நூலைத் தொடங்குவோர் கடவுள் வாழ்த்தை முடித்தவுடன் நேரே கைக்கூலி அதிகாரத்துக்குச் செல்லலாம். கிராணிமாரும் வந்து அமர்ந்திருக்கும் மாலையாகப் பார்த்துத் தொடங்குதல் நன்று.